பதிகமா, பாடலா? தேவார மேற்கோள் நூல்களின் பகுப்பலகும் போடிநாயக்கனூர் வட்டார வரலாற்று வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தேவாரத்தைப் பகுத்துத் தரும் தொகுப்புகளும் அடைவுகளும் பண், தலம், பொருள் என்னும் மூன்று அடிப்படைகளுள் ஒன்றைச் சார்ந்து அமைந்துள்ளன. இவற்றுள் எதனைக் கொண்டாலும், எடுத்துக்காட்டும் அலகு முழுப்பதிகமா, தனிப்பாடலா, ஓரடியா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்வலகின் தேர்வு வரலாற்று முடிவுகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை, பாடல்பெற்ற தலம் எதுவும் இல்லாததும் சமணத் தடயங்கள் உள்ளதுமான போடிநாயக்கனூர் – கம்பம் பள்ளத்தாக்கு வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மேற்கோள் நூல் பாடலை முகவரியாகவும் பதிகத்தைப் பொருளலகாகவும் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தேவாரம், பண்முறை, தலமுறை, ஒளிநெறி, அருள்முறைத் திரட்டு, திருக்கடைக்காப்பு, உத்தமபாளையம், சின்னமனூர்ச் செப்பேடுகள்.

முன்னுரை

சமய நூலொன்றை முதலிலிருந்து இறுதிவரை ஓதுவோர் சிலர்; வேண்டிய இடத்தைத் தேடி எடுத்துப் பயன்படுத்துவோர் பலர். அப்பலருக்காக எழுந்தவையே திரட்டு, அடைவு, அகராதி, அட்டவணை முதலிய மேற்கோள் நூல்கள். இவை மூலநூலுக்குப் புதிதாக எதனையும் சேர்ப்பதில்லை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடித்து ஒரு பகுதியை எடுத்துக் காட்டும்போதே ஒரு பொருள்கோள் நிகழ்ந்துவிடுகிறது. உரையாசிரியரின் பொருள்கோளை நாம் விவாதிக்கிறோம். அடைவு செய்தவரின் பொருள்கோளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இவ்வினா வட்டார வரலாற்றாய்வில் கூர்மை பெறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலமலைக்கு ஏறும் போடிமெட்டுச் சாலையின் கீழ்முனையில் அமைந்தது போடிநாயக்கனூர். பாண்டிநாடு மலைநாட்டைத் தொடும் எல்லை இது. இவ்வட்டாரத்தின் இடைக்காலச் சமய நிலையை எழுத முற்படும் ஆய்வாளர் முதலில் நாடுவது தேவாரச் சான்றுகளையே. ஆனால், அவர் கையில் எடுக்கும் மேற்கோள் நூல் எந்த அடிப்படையில் பகுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அவர் பெறும் விடை வேறுபடும். ஒரு வகை நூல் அவருக்கு எதனையும் தராது. மற்றொரு வகை நூல் அளவுக்கு மீறித் தரும். இவ்விரு நிலைகளும் எவ்வாறு உருவாயின என்பதை முதலில் காண்போம்.

பண்முறை: பாடுவோருக்கான பகுப்பு

திருமுறைகள் கண்டெடுக்கப்பட்டு வகுக்கப்பட்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. தில்லையில் இருந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி வகைப்படுத்தினார் என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரைக் கொண்டு பண்கள் அமைக்கப்பட்டன என்றும் அந்நூல் உரைக்கிறது. இச்செய்தியை எவ்வளவு தூரம் வரலாறாகக் கொள்ளலாம் என்பது தனியே ஆராயத்தக்கது. ஆனால், முதல் ஏழு திருமுறைகளின் அமைப்பு இசை வழிப்பட்டது என்பதில் ஐயமில்லை. சம்பந்தரின் முதல் மூன்று திருமுறைகளில் முறையே 136, 122, 125 பதிகங்கள் பண்வரிசையில் நிற்கின்றன. நட்டபாடையில் தொடங்கும் முதல் திருமுறை தக்கராகம், பழந்தக்கராகம், தக்கேசி, குறிஞ்சி எனத் தொடர்கிறது.

இவ்வமைப்பு முற்றிலும் ஒருசீரானதன்று. அப்பரின் நான்காம் திருமுறை கொல்லி, காந்தாரம் முதலிய பண்களில் தொடங்கினாலும், பின்னர்த் திருநேரிசை, திருவிருத்தம் என்னும் வகைகளுக்குச் செல்கிறது. ஐந்தாம் திருமுறை முழுவதும் திருக்குறுந்தொகை. ஆறாம் திருமுறை முழுவதும் திருத்தாண்டகம். அதாவது, அப்பர் பாடல்களில் பண்ணோடு யாப்பும் பகுப்புக்கு அடிப்படையாகிறது. சுந்தரரின் ஏழாம் திருமுறை இந்தளத்தில் தொடங்குகிறது. சம்பந்தரின் பண்வரிசையோ நட்டபாடையில் தொடங்குவது. பிரமபுரம், திருவதிகை, திருவெண்ணெய்நல்லூர் ஆகிய ஊர்களில் மூவரும் முதன்முதலாகப் பாடியனவாகப் பெரியபுராணம் கூறும் பதிகங்களே முறையே முதல், நான்காம், ஏழாம் திருமுறைகளின் தலைப்பில் நிற்கின்றன. இதனை நோக்கும்போது, இசையொழுங்குக்குள்ளும் அடியார் வரலாறு பற்றிய உணர்வு ஊடாடியிருப்பதை உய்த்துணரலாம். தூய ஒற்றை அடிப்படையில் அமைந்த பகுப்பு தொடக்கத்திலேயே இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

பண்முறையில் பதிகமே சிதையாத அலகு. ஒரு பதிகம் ஒரு பண்ணுக்கு உரியது. அதன் பாடல்களைப் பிரித்து வேறு வேறு இடங்களில் வைக்க இம்முறை இடம் தராது. 1860களில் காஞ்சிபுரம் சபாபதி முதலியார் தேவாரத்தை அச்சிட்ட காலத்திற்குப் பின்னர், திருமுறை எண், பதிக எண், பாடல் எண் என்னும் மூன்றெண் முகவரி மெல்ல மெல்ல நிலைபெற்றது. இன்று 3.108.1 என்று ஒருவர் குறித்தால் மற்றொருவர் உடனே கண்டுபிடிக்கிறார். பாடுவோருக்காக எழுந்த வரிசை இவ்வாறு படிப்போரின் முகவரியாயிற்று.

தலமுறை: வழிபடுவோருக்கான பகுப்பு

ஊர்தோறும் உள்ள பதிகங்களை ஓரிடத்தில் திரட்டித் தருவது தலமுறை. 1911இல் சுவாமிநாத பண்டிதர் வெளியிட்ட பதிப்பு இவ்வகையில் நன்கறியப்பட்டது. கோயில் எனப்படும் தில்லையில் தொடங்கிச் சோழநாடு, ஈழநாடு, பாண்டிநாடு, மலைநாடு எனச் செல்லும் இவ்வரிசையில், மரபுக் கணக்கின்படி காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127, ஈழத்தில் 2, பாண்டிநாட்டில் 14, மலைநாட்டில் 1, கொங்குநாட்டில் 7, நடுநாட்டில் 22, தொண்டைநாட்டில் 32, துளுவநாட்டில் 1, வடநாட்டில் 5 என 274 தலங்கள் அமைகின்றன. திருவிடைவாய்ப் பதிகம் கோயிற் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டபோது இக்கணக்கும் மாறியது. பண்முறைப் பதிப்புகள் அப்பதிகத்தை மூன்றாம் திருமுறையின் 125 பதிகங்களுக்குப் புறத்தே சேர்க்க நேர்ந்தது.

தலமுறை கோயில் வழிபாட்டோடு தேவாரத்தை நெருக்கமாக இணைத்தது. ஓர் ஊர்க்கோயிலுக்குச் செல்பவர் அவ்வூர்ப் பதிகங்கள் அனைத்தையும் ஒருசேரக் காண முடிந்தது. ஆயினும் இம்முறைக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, ஊரொன்றைத் தலைப்பாகக் கொள்ளாத பதிகங்கள் ‘பொது’ என்னும் பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. சம்பந்தரின் திருக்ஷேத்திரக்கோவை (2.39), அப்பரின் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகம் (6.70), அடைவுத் திருத்தாண்டகம் (6.71), சுந்தரரின் திருநாட்டுத்தொகை (7.12), திருவூர்த்தொகை (7.47) ஆகியவை பல ஊர்ப்பெயர்களை அடுக்கிச் சொல்வன. ஊர்களைப் பற்றி மிகுதியாகச் சொல்லும் பதிகங்களே ஊர்வரிசையில் இடமின்றி நிற்பது இம்முறையின் முரண். அப்பதிகங்களில் மட்டும் பெயர் சுட்டப்பெறும் வைப்புத்தலங்களை எடுக்க வேண்டுமாயின் பதிகமும் பாடலும் போதா. அடியளவில் பகுக்க வேண்டும்.

இரண்டாவது குறை, இக்கட்டுரையின் வட்டாரத்தை நேரே தொடுவது. பாண்டிநாட்டுத் தலங்கள் பதினான்கும் மதுரை, திருப்பரங்குன்றம், திருவேடகம், திருப்புத்தூர், இராமேச்சுரம், குற்றாலம், திருநெல்வேலி எனப் பரவிக் கிடக்கின்றன. போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களைக் கொண்ட பள்ளத்தாக்கில் ஒன்றும் இல்லை. மலைக்கு அப்பால் உள்ள மலைநாட்டிலும் திருவஞ்சைக்களம் ஒன்றே. ஆகவே தலமுறை நூலைத் திறக்கும் இவ்வட்டார ஆய்வாளர் வெற்றிடத்தையே காண்பார். ‘இங்குச் சைவம் பிற்காலத்தது’ என்றோ, ‘இது மூவர் காலத்தில் ஆளரவமற்ற காடு’ என்றோ அவர் முடிவு செய்தால், அம்முடிவு பாடல்களிலிருந்து பிறந்ததாகாது, பகுப்பிலிருந்து பிறந்தது. பாடப்பெறாமை என்பது ஒரு தொகுப்பின் எல்லை பற்றிய செய்தி. அதனை ஊரின் வரலாறு பற்றிய செய்தியாகக் கொள்ளலாகாது.

பொருள்முறை: இரு பழந்திரட்டுகள்

பொருள் நோக்கிப் பகுத்துத் தரும் முறை அச்சுக்காலத்தில் தோன்றியதன்று. அச்சுக்கு முன்பே இரு திரட்டுகள் இரு வேறு அலகுகளைக் கொண்டு இதனைச் செய்துள்ளன.

ஒன்று, அகத்தியர் தேவாரத்திரட்டு. முழுத் தேவாரத்தையும் நாள்தோறும் ஓத இயலாத சிவாலய முனிவருக்காக அகத்தியர் தெரிந்து கொடுத்தது என்பது மரபுக் கதை. குருவருள், அஞ்செழுத்து, கோயில், திருவடி, அருச்சனை, அடிமை முதலிய எட்டுத் தலைப்புகளின்கீழ் 25 பதிகங்கள் இதில் அமைந்துள்ளன. தலைப்பு பொருள் சார்ந்தது. எடுக்கப்படும் அலகோ முழுப்பதிகம். ஒரு பதிகத்தில் தலைப்போடு நேரே தொடர்பில்லாத பாடல்கள் இருப்பினும் அவை நீக்கப்படவில்லை. ஓதுதல் நோக்கமாதலின் துண்டிக்க வேண்டிய தேவை எழவில்லை.

மற்றொன்று, உமாபதி சிவாசாரியரின் தேவார அருள்முறைத் திரட்டு. 1313இல் சங்கற்ப நிராகரணம் இயற்றிய அவர், தம் திருவருட்பயனின் பத்து அதிகாரத் தலைப்புகளான பதிமுதுநிலை, உயிரவைநிலை, இருண்மலநிலை முதலியவற்றை அப்படியே அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொன்றின்கீழும் அப்பொருளுக்குச் சான்றாகும் தேவாரப் பாடல்களைத் தனித்தனியே எடுத்து வைத்தார். இங்கு அலகு பாடல். பதிகச் சூழல், பண், தலம் ஆகியவை பின்தள்ளப்படுகின்றன; சித்தாந்தக் கூற்றுக்குச் சான்று என்னும் நிலையே முன்னிற்கிறது. பாடல் ஓதப்படும் பொருளாக இருந்த நிலையிலிருந்து நிறுவப் பயன்படும் பொருளாக மாறும் இடம் இதுவே.

இவ்விரு திரட்டுகளையும் உயர்வு தாழ்வு கற்பித்து ஒப்பிடுதல் பொருந்தாது. உமாபதி சிவாசாரியர் தம் தலைப்புகள் எந்த நூலினின்று வந்தவை என்பதை மறைக்கவில்லை. திருவருட்பயனை அறிந்தவர் அத்திரட்டின் நோக்கத்தை உடனே உணர்வர். பகுப்பவர் யார், எந்தக் கோட்பாட்டின்படி பகுக்கிறார் என்பது அங்கு வெளிப்படை. பிற்கால மேற்கோள் நூல்களில் இவ்வெளிப்படைத் தன்மையே குறைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை (1883–1971) உருவாக்கிய ஒளிநெறி நூல்கள் பொருள்முறையின் உச்சம் எனலாம். தேவாரத்திற்கும் திருவாசகத்திற்கும் திருக்கோவையாருக்கும் அவர் ஒளிநெறி வகுத்தார். தலைப்புகளை அகரவரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய பாடற்பகுதிகளை எண்ணோடு தரும் அந்நூல்கள் இன்றும் ஆய்வாளர்க்குப் பெருந்துணை. அவர் அலகு பாடலினும் சிறியது. தொடரும் சொல்லும்கூடத் தலைப்பின்கீழ் வருகின்றன. அகரவரிசை நடுநிலையானது போலத் தோன்றும். ஆனால், எந்தச் சொல் தலைப்பாகத் தகுதி பெறுகிறது என்பதைத் தெரிவு செய்பவர் தொகுப்பாசிரியரே.

எண் உறைதல்: ஒப்பீட்டு நோக்கு

பகுப்பு ஒன்று எண்ணாக உறைந்தபின் அதனை மாற்றுதல் அரிது. திருக்குறள் இதற்குத் தெளிவான சான்று. 1 முதல் 1330 வரை இன்று நாம் வழங்கும் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைச் சார்ந்தவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடுகிறது; பொருட்பாலைப் பரிமேலழகர் மூன்று இயல்களாகக் கொள்ள, மணக்குடவர் அதனினும் மிகுதியான இயல்களாகக் கொள்கிறார். எனினும், மணக்குடவர் உரையை மேற்கோள் காட்டுவோரும் பரிமேலழகரின் எண்ணையே இடவேண்டியுள்ளது. ஓர் உரையாசிரியரின் பொருள்கோள் எல்லோருக்கும் பொதுவான முகவரியாகிவிட்டது.

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் எண்ணே பொருள்கோளாகிறது. சிறிய திருமடலையும் பெரிய திருமடலையும் ஒவ்வொரு பாட்டாகக் கொண்டு, இராமாநுச நூற்றந்தாதியைச் சேர்க்காது எண்ணினால் 3776 பாடல்களே உள்ளன. மடல்களை முறையே 40, 78 எனப் பகுத்து, நூற்றந்தாதியின் 108 பாடல்களையும் கூட்டும்போது 4000 நிறைவுறுகிறது. வேதாந்த தேசிகரோடு தொடர்புடைய கணக்கு இது. மடல்களைக் கண்ணிகளாக எண்ணும் வழக்கும் உண்டு. ஆசிரியர் இடையறாது பாடிய மடல் எங்கு வெட்டப்பட வேண்டும் என்பதை இங்கு முடிவு செய்வது தொகையெண்.

உலக அளவிலும் நிலை இதுவே. விவிலியத்தின் அதிகாரப் பகுப்பு பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் அமைந்தவை. வசனந்தோறும் புதுவரி தொடங்கி அச்சிடும் வழக்கம் தொடர் வாக்கியங்களைத் தனித்தனி முதுமொழிகளாகக் காட்டியது. பின்வந்த பதிப்புகள் பல பத்தியமைப்புக்குத் திரும்பி, எண்ணை வரிக்குள் சிறிய எழுத்தில் அமைத்தன. முகவரியை வைத்துக்கொண்டே அதன் ஆதிக்கத்தைக் குறைக்கலாம் என்பதற்கு இது முன்னுதாரணம்.

தமிழ்ச் சூழலில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் தேவார மேற்கோள்கள் இன்று வழங்கும் மூன்றெண் முகவரியில் இல்லை; அது பயன்படுத்திய பதிப்பின் எண்களைச் சார்ந்துள்ளன. அப்பதிப்பு கையில் இல்லாதவருக்கு அம்மேற்கோள் பூட்டிய கதவு. பதிப்பு மாறினும் அழியாத முகவரி வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

பத்தாம் பாடலின் சிக்கல்

அலகுத் தேர்வு வரலாற்று முடிவை மாற்றும் விதத்தை ஒரு தலைப்பைக் கொண்டு விளக்கலாம். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலானவை ஒரு நிலைத்த அமைப்பை உடையன. எட்டாம் பாடல் இராவணனை அடர்த்து அருளியதையும், ஒன்பதாம் பாடல் மாலும் அயனும் தேடிக் காணாமையையும், பத்தாம் பாடல் சமணர் சாக்கியர் மறுப்பையும், பதினோராம் பாடலாகிய திருக்கடைக்காப்பு ஆசிரியர் பெயரையும் பதிகப்பயனையும் கூறும். அதாவது, இவை பதிகத்துக்குள் தமக்கென இடம் வகுக்கப்பட்ட பாடல்கள்.

இப்போது பாடலை அலகாகக் கொண்ட பொருளடைவு ஒன்றில் ‘சமணர்’ என்னும் தலைப்பை எண்ணிப் பார்ப்போம். பதிகந்தோறும் பத்தாம் பாடல் வந்து அங்குக் குவியும். அப்பட்டியலை மட்டும் காண்பவருக்கு, சம்பந்தர் சென்ற ஊர்தோறும் சமணரோடு நேருக்கு நேர் மோதினார் என்னும் எண்ணம் தோன்றும். பதிகத்தை அலகாகக் கொண்டு படிப்பவரோ, அப்பாடல் ஒவ்வொரு பதிகத்திலும் அதே இடத்தில், அதே கடமையைச் செய்வதைக் காண்பார். அதனை ஓர் ஊரில் நடந்த நிகழ்ச்சியின் பதிவாகக் கொள்ளத் தயங்குவார்.

இதனால் சம்பந்தரின் சமண எதிர்ப்பு வெறும் வாய்பாடு என்று கூறுவதாகாது. நிலைத்த இடத்தை அதற்கென ஒதுக்கியதே அவ்வெதிர்ப்பின் அழுத்தத்தைக் காட்டுகிறது. மேலும், திருவாலவாய்ப் பதிகங்களான 3.39, 3.108 முதலியவற்றில் சமணரோடு வாதிடுதல் ஒரு பாடலில் அடங்காது, பதிகம் முழுவதிலும் பரவி நிற்கிறது. பாண்டிமாதேவியை விளித்துப் பாடும் 3.39ஐயும், வாதில் வெல்ல இறைவனின் திருவுள்ளத்தை வினவும் 3.108ஐயும் எங்கோ ஓர் ஊர்ப்பதிகத்தின் பத்தாம் பாடலோடு ஒரே பட்டியலில் ஒரே தகுதியோடு நிறுத்துவது பொருந்தாது. தாம் சமணரோடு வாழ்ந்த முன்னாளை எண்ணி அப்பர் இரங்கும் பாடல்கள் மூன்றாவது வகை. அவை வாதமும் அல்ல, வாய்பாடும் அல்ல, தன்வரலாறு. பாடலளவுப் பகுப்பு இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் சான்றுகள்

போடிநாயக்கனூருக்குத் தெற்கே உள்ள உத்தமபாளையத்தில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பாண்டிநாட்டுச் சமணக் குன்றுகள் பலவற்றில் காணப்பெறும் அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் இங்கும் உள்ளது. இவை ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. பழனிக்கு அருகில் உள்ள ஐவர்மலையின் சமணக் கல்வெட்டு வரகுண பாண்டியன் காலத்தில் சக ஆண்டு 792ஐ, அதாவது கி.பி. 870ஐக் குறிப்பது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். ஆகவே அவர் காலத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இம்மலையடிவாரங்களில் சமணம் கொடையாளரோடும் துறவியரோடும் நிலைபெற்றிருந்தது தெளிவாகிறது.

பாடலளவு அடைவைக் கொண்டு இவ்வட்டார வரலாற்றை எழுதுபவர் ஒரு வசதியான கதையை அடைவார். மதுரையில் வாதம், ஊர்தோறும் மறுப்பு, பின்னர்ச் சமணம் மறைவு, உத்தமபாளையச் சிற்பங்கள் அம்மறைவுக்கு முந்திய எச்சம். ஆனால், சிற்பங்களின் காலம் இக்கதைக்கு இடங்கொடுப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய வரலாற்றையும், 7ஆம் நூற்றாண்டுப் பத்தாம் பாடல்களையும், 9–10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளையும் ஒரே தளத்தில் வைத்துப் படிக்க அடைவின் அமைப்பே தூண்டுகிறது. அடைவு தொகுத்தவர் இவ்வாறு கூறவில்லை. எனினும், சூழல் நீக்கிய பாடல்களை அடுக்கித் தரும் முறை, படிப்பவரை அவ்வழியில் செலுத்துகிறது.

மேற்கோளைத் துண்டிப்பதன் விளைவு செப்பேடுகளிலும் உண்டு என்பதற்கு இப்பள்ளத்தாக்கே சான்று தருகிறது. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளுள் பெரியது, பத்தாம் நூற்றாண்டு மன்னன் இராசசிம்மனுடையது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளியிடப்பெற்றது. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் பாண்டிய முன்னோரின் புகழாக அது கூறும் பகுதி இலக்கிய வரலாறுகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. அப்பகுதி ஒரு மெய்க்கீர்த்தியின் உறுப்பு. அம்மெய்க்கீர்த்தி ஒரு கொடை ஆவணத்தின் முகப்பு. கொடை யாருக்கு, எதற்கு, எந்நிலம் என்னும் செய்திகள்தாம் சின்னமனூர் வட்டாரத்துக்கு உரியன. மேற்கோள் நூல்கள் சங்கம் பற்றிய தொடரை மட்டும் எடுத்ததால், இப்பள்ளத்தாக்கில் கிடைத்த ஆவணம் மதுரையின் சான்றாக மட்டும் நினைவில் நிற்கிறது. தலமுறையில் இவ்வட்டாரம் விடுபட்டது. பொருளடைவில் இதன்மேல் அயலூர்க் கதை ஏற்றப்பட்டது. செப்பேட்டு மேற்கோளில் இதன் செய்தி வேறிடத்துக்குச் சென்றது. மூன்றும் பகுப்பின் விளைவுகளே.

பகுப்பே நூலமைப்பாகும் இடம்

பகுத்தலைக் குறையாக மட்டும் காண்பதும் தவறு. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை (7.39) பதினொரு பாடல்களால் ஆனது. சேக்கிழார் தம் புராணத்தின் பதின்மூன்று சருக்கங்களுள் முதலும் இறுதியும் நீங்கிய பதினொன்றுக்கும், அப்பாடல்களின் தொடக்கச் சொற்களையே பெயராக்கினார். தில்லைவாழந்தணர் சருக்கம் முதலிய பெயர்கள் அவ்வாறு வந்தவை. ஒரு பாடலில் பெயர் சுட்டப்பெற்ற அடியார்கள் ஒரு சருக்கத்தில் விரிகின்றனர். இங்குப் பாடல் துண்டிக்கப்பட்டும் பதிகத்தின் ஒழுங்கு குலையவில்லை. சருக்கப்பெயரைக் காணும்போதே அது பதிகத்தின் எத்தனையாம் பாடல் என்பதும் நினைவுக்கு வருகிறது. பகுதியிலிருந்து முழுமைக்குத் திரும்பும் வழி பகுப்புக்குள்ளேயே அமைந்திருப்பது இதன் சிறப்பு. இக்கால மேற்கோள் நூல்கள் கற்கவேண்டிய நெறி இதுவே.

மேற்கோள் நூலுக்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, முகவரியும் பொருளலகும் வேறு. திருமுறை, பதிகம், பாடல் என்னும் மூன்றெண் முகவரியை மாற்றாது கொள்ளவேண்டும். ஆனால், பாடல் எண் இருப்பதனாலேயே பாடல் தனித்து நிற்கும் பொருளலகாகிவிடாது. எடுத்துக்காட்டும் ஒவ்வொரு பாடலுக்கும் பதிகத்தின் தலமும் பண்ணும் உடன் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, இடவமைவு குறிக்கப்பட வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய நிலைத்த இடங்களில் வரும் சம்பந்தர் பாடல்களுக்கு ஓர் அடையாளக்குறி போதும். ‘சமணர்’ என்னும் தலைப்பு அப்போது மூன்று கிளைகளாகப் பிரியும்: இடவமைவால் வருவன, பதிகம் முழுவதும் அப்பொருள் பற்றியன, தன்வரலாறாக வருவன. எண்ணிக்கை குறையாது, ஆனால் எண்ணிக்கையின் பொருள் தெளிவாகும்.

மூன்றாவது, ஊர்ப்பெயர் அடைவு அடியளவில் செய்யப்பட வேண்டும். தலைப்பாக வரும் ஊர், பதிகத்துக்குள் சுட்டப்பெறும் ஊர், தொகைப்பதிகங்களில் அடுக்கப்பெறும் ஊர் என்னும் வேறுபாடு காட்டப்பட வேண்டும்.

நான்காவது, தலைப்புகளை வகுத்தவர் யார், எந்தக் கோட்பாட்டின்படி வகுத்தார் என்பது முன்னுரையில் கூறப்பட வேண்டும். உமாபதி சிவாசாரியரின் திரட்டு இதில் வழிகாட்டி.

ஐந்தாவது, பழைய பதிப்புகளின் எண்களுக்கும் இன்றைய எண்களுக்கும் இணைப்பட்டியல் வேண்டும். தி.வே. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் பதிப்பித்த புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனப் பதிப்பும் (1984, 1985, மூன்றாம் தொகுதி 1991), 2007இல் வெளிவந்த மின்வடிவத் தேவாரமும் பாடலை அணுகப் பல வாயில்களைத் திறந்துள்ளன. அச்சில் ஒரு வரிசையையே தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் மின்வடிவில் இல்லை. பண், தலம், பொருள் ஆகிய மூன்றையும் ஒரே பாடலுக்கு வாயில்களாக்கலாம். ஆயினும் சொல்தேடல் வசதி ஒரு புதிய இடரையும் தருகிறது. தேடுசொல் அமைந்த அடி மட்டும் திரையில் தோன்றும்போது, அலகு பாடலிலிருந்து அடிக்குச் சுருங்கிவிடுகிறது. முழுப்பதிகத்தையும் உடன் விரித்துக் காட்டும் அமைப்பு அதனால் முன்னிலும் தேவையாகிறது.

முடிவுரை

பண்முறை ஓதுவாருக்கும், தலமுறை வழிபடுவோருக்கும், பொருள்முறை ஆய்வாளருக்கும் சித்தாந்திக்கும் எழுந்தன. ஒவ்வொன்றும் தன் நோக்கில் நிறைவுடையது. ஒரு நோக்குக்காக எழுந்த பகுப்பை வேறொரு வினாவுக்கு விடையாகக் கொள்ளும்போதே பிழை நேர்கிறது. பாடல்பெற்ற தலம் இல்லாத போடிநாயக்கனூர் வட்டாரத்தைத் தலமுறை கொண்டு மதிப்பிடுவதும், உத்தமபாளையச் சமணத்தைப் பத்தாம் பாடல்களின் பட்டியல் கொண்டு விளக்குவதும் அத்தகையன.

கல்வெட்டின் காலத்தையும் இடத்தையும் குறிக்காது அதன் ஒரு வரியை எந்த வரலாற்றாசிரியரும் சான்றாக ஏற்பதில்லை. அதே கண்டிப்பைத் தேவாரப் பாடலுக்கும் நாம் காட்ட வேண்டும். பதிகத்துக்குள் அப்பாடல் எவ்விடத்தில் நிற்கிறது என்பதே அதன் இடம். அதனைக் குறிக்காத மேற்கோள் நிறைவற்றது. பாடல்பெற்ற தலங்களுக்கு வெளியே உள்ள பள்ளத்தாக்குகள், மலைச்சரிவுகள், எல்லையூர்கள் ஆகியவற்றின் சமய வரலாறு இனித்தான் விரிவாக எழுதப்பட வேண்டியுள்ளது. அப்பணிக்கு முன்நிபந்தனையாக, நம் அடைவுகளின் பகுப்பலகை மறுபரிசீலனை செய்தல் இன்றியமையாதது.